சரக்கு அனுப்பிய பிறகு: இளம்பிள்ளைச் சேலைத் தொழிலில் பழக்கமும் பாக்கியும்

இளம்பிள்ளையில் தறியிலிருந்து இறங்கும் ஒரு சேலை, அதைக் கட்டப்போகிறவரிடம் போய்ச் சேர்வதற்குள் பலருடைய பழக்கத்தின் வழியாகவே நகர்கிறது. நூல் கொடுத்தவர், சாயம் போட்டவர், டிசைன் வரைந்து அட்டை அடித்தவர், கூலிக்கு நெய்தவர், மடித்துப் பெட்டி போட்டவர், புரோக்கர், லாரி ஆபீஸ் எழுத்தர், வெளியூர் மொத்தக் கடைக்காரர், அவரிடம் வாங்கிப் போகும் சில்லறைக் கடைக்காரர் என்று அந்த வரிசை நீளும். இவர்களில் எந்த இருவருக்கும் இடையே முத்திரைத்தாளில் ஒப்பந்தம் இருப்பது அரிது. ஒரு பில், ஒரு போன் பேச்சு, பழைய கணக்கு, இவ்வளவுதான். சொந்தமாகச் சில தறிகளோ, கூலிக்கு ஓடும் பத்துப் பதினைந்து தறிகளோ வைத்திருக்கும் சிறு உற்பத்தியாளரின் பெயர் ஊருக்கு வெளியே பரவுவதும் பரவாமல் போவதும், இந்த வரிசையில் ஒவ்வொருவரிடமும் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பொறுத்தது.

சேலத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், கஞ்சமலையின் பக்கத்தில் இருக்கும் பேரூராட்சி இளம்பிள்ளை. சேலத்துப் பேருந்து சித்தர் கோவிலைத் தாண்டி வரும். கோவைச் சாலையில் போகிறவர்கள் காக்காபாளையத்தில் திரும்புவார்கள். சுற்றிலும் இடங்கணசாலை, பெருமாகவுண்டம்பட்டி, வேம்படிதாளம், மகுடஞ்சாவடி என்று எந்தப் பக்கம் போனாலும் தறிச்சத்தம் கேட்கும். கைத்தறியில் தொடங்கிய ஊர், பிறகு ஜக்கார்டு பூட்டிய விசைத்தறிக்கு மாறியது. பாலியஸ்டர், விஸ்கோஸ், பருத்திக் கலப்பு நூல்களில் பட்டின் தோற்றம் கொண்ட சேலைகள் இங்கே நெய்யப்படுகின்றன. சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் ரூபாய்வரை விலை போகும். பட்டுச் சேலைக்குக் கை எட்டாத குடும்பத்துப் பெண்களும் கல்யாண வீட்டில் கரைபோட்ட சேலை கட்டி நிற்க முடிகிறது என்பதே இந்த ஊர்த் தொழிலின் பெருமை.

ஒரே மாதிரிச் சரக்கைப் பலரும் நெய்யும் ஊர் இது. ஒரு பட்டறையில் ஓடிய டிசைன் சில நாட்களில் அடுத்த தெருவில் ஓடும். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி புதிய டிசைனைப் பதிவுசெய்து 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் உரிமை கொண்டாடலாம். ஆனால் ஒரு பருவம் ஓடி நின்றுபோகும் டிசைனுக்கு யாரும் அதைத் தேடிப் போவதில்லை. சரக்கு வேறுபடாத இடத்தில் ஆள்தான் வேறுபட வேண்டும். பெங்களூருக் கடைக்காரர் ஒருவர் பத்துப் பேரிடம் கிடைக்கும் அதே சேலையை ஏன் குறிப்பிட்ட ஒருவரிடம் வாங்குகிறார் என்று கேட்டுப் பார்த்தால், விலையை முதல் காரணமாகச் சொல்பவர் குறைவு. "சொன்ன தேதிக்கு வரும், சொன்ன கலர் வரும், கெட்டுப்போனால் எடுத்துக்கொள்வார்" என்பதே பதிலாக இருக்கும். இந்த மூன்றுமே சரக்கு அனுப்பிய பிறகு தெரியவரும் குணங்கள். சாம்பிள் பையைத் திறந்து பேசும்போது உண்டாவது அறிமுகம் மட்டுமே. பழக்கம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பழக்கம் ஊருக்குள்ளேயே, தறிமேடையில் ஆரம்பிக்கிறது. வெளியூர்க் கடைக்காரரைப் பிடிப்பதே வியாபாரம் என்று நினைத்து இறங்கும் புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். இளம்பிள்ளை வட்டாரத்தில் பெருமளவு நெசவு கூலி முறையில் நடக்கிறது. உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் டிசைனும் கொடுப்பார். நெசவாளர் தன் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நெய்து, சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். ஆடி மாதம் வேலை குறையும்போது கூலியைக் குறைத்தவர், தீபாவளிச் சரக்குக்கு ஓட்டமாக ஓடும் நாட்களில் தறி கிடைக்காமல் நிற்பார். மந்தக் காலத்திலும் வாரக் கூலியைச் சனிக்கிழமை தவறாமல் கொடுத்தவர், அவசர ஆர்டர் ஒன்று வந்ததும் போன் செய்தால் போதும். வேறொருவர் பாவை இறக்கிவிட்டு இவருடையதை ஏற்றும் நெசவாளர்கள் உண்டு. முன்பணம் கொடுத்து நெசவாளரைக் கட்டிவைப்பது வேறு வகை. கடன் தீராதவரை அவர் வேறு இடம் போக முடியாது என்று அதைச் சாமர்த்தியமாகச் சொல்வார்கள். அது பழக்கமல்ல, பிடி. பிடிக்கப்பட்டவர் நெய்த சேலையில் அது தெரியும்: இழை அறுந்த இடத்தைத் தேடிப் பிணைக்கும் பொறுமை அங்கே இருக்காது.

நூல் கடைக்காரர்தான் இந்த ஊரின் செய்தி நிலையம். நூல் சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் சூரத்திலிருந்தும் வருகிறது. யார் எவ்வளவு நூல் எடுக்கிறார், எந்தக் கலரை அதிகம் கேட்கிறார், யார் தவணை தள்ளிப்போடுகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வெளியூர் மொத்தக் கடைக்காரர் புதிய ஆளுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் விசாரிப்பதும் பெரும்பாலும் நூல் கடையில்தான். "ஆள் எப்படி?" என்ற கேள்விக்கு நூல்காரர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு, அச்சடித்த கேட்லாக் ஈடாகாது. அதே மாதிரி லாரி ஆபீஸ் எழுத்தருக்கு, எந்த ஊருக்கு எத்தனை பண்டல் போகிறது, எது எடுக்கப்படாமல் கிடந்து திரும்பி வருகிறது என்று தெரியும். 1973இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர், வேலை தேடியவர்களுக்குப் பயன்பட்ட செய்தி நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது சந்திக்கும் அறிமுகக்காரர்களிடமிருந்தே அதிகம் வந்தது என்று காட்டினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது ஏற்கெனவே நமக்கும் தெரிந்திருக்கும் என்பது அவர் தந்த விளக்கம். இளம்பிள்ளையில் நூல் கடைத் திண்ணையும் லாரி ஆபீஸ் வாசலும் அப்படிப்பட்ட அறிமுகங்கள் கூடும் இடங்கள். அங்கே கால் மணி நேரம் நின்று பேசிவிட்டுப் போகிறவரை நேரத்தை வீணாக்குகிறார் என்று சொல்ல முடியாது.

வெளியூர்ப் பயணத்துக்கு இரண்டு பை வேண்டும்: ஒன்றில் சாம்பிள், இன்னொன்றில் கணக்கு நோட்டு. பெங்களூரு சிக்பேட்டை, சென்னை சௌகார்பேட்டையும் கோடவுன் தெருவும், ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் உள்ள மொத்தச் சந்தைகள், கேரளத்து நகரங்கள் என்று இளம்பிள்ளைக்காரர் போகாத துணிச் சந்தை தென்னாட்டில் குறைவு. முதல் தடவை போகிறவர் விற்கும் எண்ணத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. கடை திறந்து முதல் போணி ஆகும்வரை உள்ளே நுழையக்கூடாது. சாயங்காலக் கூட்டத்தில் நுழையவே கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை சற்று ஓய்ந்திருக்கும் நேரமே சரியான நேரம். முதலாளி முகம் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை. சேலையைப் பிரித்துப் பிரித்துக் காட்டும் விற்பனையாளரிடம் பேசினால், முதலாளிக்கே தெரியாத விஷயம் கிடைக்கும். பெண்கள் எந்தக் கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள், எந்தக் கலர் மூன்று மாதமாக அலமாரியில் கிடக்கிறது, முந்தானை நீளம் போதவில்லை என்று யார் சொன்னார் என்பதெல்லாம் அவர் நாக்கில் இருக்கும். அதைக் கேட்டு, ஊருக்கு வந்து டிசைனரிடம் சொல்லி மாற்றி, அடுத்த முறை அந்தச் சேலையோடு அதே கடைக்குள் நுழைகிறவரை யாரும் மறப்பதில்லை. "அண்ணா, நீங்க சொன்ன மாதிரி கரையை ரெண்டு விரல் ஏத்தியிருக்கேன், பாருங்க" என்ற பேச்சுக்கு அந்த விற்பனையாளர் கடைக்குள் அவருக்காகப் பேசுவார்.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு காலண்டர் உண்டு. தெலுங்கு நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் உகாதி, கர்நாடகத்தில் ஆகஸ்டை ஒட்டி வரும் வரமகாலட்சுமி விரதம், தெலங்கானாவில் பதுகம்மாவும் தசராவும், கேரளத்தில் ஓணமும் விஷுவும், தமிழ்நாட்டில் தீபாவளியும் பொங்கலும், எல்லாவற்றுக்கும் நடுவே கல்யாண முகூர்த்தங்கள். தறியில் பாவு ஏறுவது இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே. ஆகவே கடைக்காரரோடு பேசும் பேச்சும் அப்போதே தொடங்கிவிட வேண்டும். பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது போன் செய்கிறவர் விற்பதற்காகப் பேசுகிறார் என்பது கேட்பவருக்கும் தெரியும். பண்டிகை முடிந்து பத்து நாள் கழித்து, "எவ்வளவு நின்னுபோச்சு, எது ஓடிச்சு?" என்று கேட்கிறவரின் போன் வேறு வகை. அனுபவசாலிகள் இந்த இரண்டாவது போனை விடவே மாட்டார்கள்.

மொழியும் இதில் சேரும். இந்த வட்டாரத்து நெசவில் தேவாங்கர் சமூகத்தாருக்கு நெடுநாள் பங்கு உண்டு. அவர்களில் பலர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள். அந்த மொழிகள் பெங்களூரிலும் ஆந்திரத்திலும் முதல் கதவைத் திறந்துவிட்டன. செங்குந்தர் உள்ளிட்ட மற்ற நெசவுச் சமூகங்களுக்கும் தத்தம் கோவில், திருமணம், உறவுமுறை வழியாக இப்படிக் கதவுகள் இருந்தன. உறவுக்காரர் என்றால் கடன் கேட்பது எளிது, ஏமாற்றுவது கடினம், ஏமாற்றியவர் ஊர்க் கூட்டத்தில் தலை காட்ட முடியாது. ஆனால் இந்த வட்டம் அடைபட்டதாகவும் ஆகிவிடக்கூடும். அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. உள்ளூர்க் கவுண்டர் சமூகத்து முதலாளிகளுக்கு உறவு வழியாக மூலதனம் தாராளமாகக் கிடைத்தது. வெளியிலிருந்து வந்தவர்களோ குறைந்த மூலதனத்தில் தொடங்கினாலும், அவர்களின் உற்பத்தி வேகமாக வளர்ந்து உள்ளூர்க்காரர்களைத் தாண்டியது. உறவு கொடுப்பது தொடக்கத்துக்கான தெம்பு. அதற்கு மேல், தன்னை யாருக்கும் தெரியாத ஊரில் சரக்கால் பெயர் எடுத்தவரே நிலைக்கிறார். இளம்பிள்ளையிலும் உறவுக்காரருக்கு மட்டுமே விற்றுப் பழகியவர்கள் சிறுத்தும், தெரியாத ஊர்களுக்குத் துணிந்து போனவர்கள் பெருத்தும் இருப்பதைப் பார்க்கலாம்.

இனிக் கடன். இந்தத் தொழிலில் பழக்கத்தின் நடு எலும்பு அதுதான். சேலை வியாபாரத்தில் ரொக்கத்துக்கு விற்பது மிகக் குறைவு. சரக்குப் போய் 30 நாள், 60 நாள், 90 நாள் என்று நாள் கணக்கில் பணம் வரும். சிலர் அதையும் தாண்டுவார்கள். தேதி போட்ட செக் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்குப் போடலாம் என்றாலும், வழக்குப் போட்டால் அந்தப் பார்ட்டி போனது போனதுதான், அவரைத் தெரிந்த நாலு பார்ட்டியும் சேர்ந்து போகலாம். ஸ்டூவர்ட் மெக்காலே என்ற சட்ட ஆய்வாளர் 1963இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துத் தொழிலதிபர்களை விசாரித்து எழுதிய கட்டுரையில், அவ்வளவு வலுவான சட்டமுள்ள நாட்டிலும் வணிகர்கள் தகராறு வந்தால் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை, போனை எடுத்துப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள் என்று கண்டார். இளம்பிள்ளைக்காரருக்கு இது புதுச்செய்தியாக இருக்காது.

வசூலுக்குப் போவது தனிக்கலை. பணம் கேட்க மட்டும் வருகிறவரைக் கண்டால் கடைக்காரர் பின்வாசலைத் தேடுவார். புதிய சாம்பிளும் கையில் இருந்தால் உட்காரச் சொல்வார், காப்பி வரும், பழைய பாக்கியில் ஒரு பகுதி கைக்கு வரும். முழுப் பாக்கியையும் ஒரே தடவையில் கறாராகக் கேட்பதைவிட, "இந்த ரெண்டு பில்லை முடிச்சுடுங்க, மூணாவதை அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று பில் பில்லாகக் கேட்பது பலிக்கும். கணக்கும் சிக்காது. அதே சமயம், பார்ட்டி தளர்கிறாரா என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வழக்கமாக எடுப்பதைவிட இரண்டு பங்கு சரக்கைத் திடீரென்று கேட்பது, விலையைப் பற்றிப் பேரமே பேசாமல் வாங்குவது, வாங்கிய விலைக்குக் கீழே விற்பது, கடையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பது, இவை கெட்ட அறிகுறிகள். பேரம் பேசாத பார்ட்டி பணம் கொடுக்கும் எண்ணத்தில் இல்லை என்று பழைய ஆட்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது.

ஒருவரையே நம்பி ஓடுவதன் ஆபத்துக்குத் தெலங்கானாவின் சிரிசில்லா சாட்சி. 2017 முதல் அந்த மாநில அரசு பதுகம்மா பண்டிகைக்கு ஏழைப் பெண்களுக்கு வழங்கிய சேலைகளில் பெரும்பகுதி சிரிசில்லா விசைத்தறிகளில் நெய்யப்பட்டது. 2023 இறுதியில் ஆட்சி மாறிய பிறகு அந்த ஆர்டர் நின்றது. தறிகள் நின்றன, நெசவாளர் குடும்பங்கள் பெரும் துன்பத்துக்கு ஆளாயின. அரசு ஆர்டர் வந்த ஆண்டுகளில் வெளிச்சந்தைக் கடைக்காரர்களோடு இருந்த தொடர்பு நலிந்துபோயிருந்தது. அதை ஓரிரு மாதத்தில் மீட்க முடியவில்லை. இளம்பிள்ளையில் கவனமாகத் தொழில் செய்கிறவர்கள் எந்தப் பெரிய பார்ட்டிக்கும் தம் உற்பத்தியில் பாதிக்கு மேல் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம் இதுதான். சிறு கடைக்காரர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவது தொல்லைதான். பில் அதிகம், பண்டல் அதிகம், போன் அதிகம். ஆனாலும் அந்தத் தொல்லை காப்பாற்றும்.

பழக்கத்தின் உண்மையான பலத்தைச் சோதித்த ஆண்டு 2020. மார்ச் 25ஆம் தேதி நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. அன்றுதான் உகாதி. உகாதிக்கும் கோடைக் கல்யாணங்களுக்கும் என்று அனுப்பிய சரக்கெல்லாம் பூட்டிய கடைகளுக்குள் இருந்தது. இளம்பிள்ளையில் தறிகள் நின்றன, கூலி நின்றது, நூல்காரரின் பாக்கி மட்டும் நிற்கவில்லை. அந்த நாட்களில் பணத்துக்காக மட்டும் போன் செய்தவர்களும் இருந்தார்கள், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்கப் போன் செய்தவர்களும் இருந்தார்கள். கடை திறந்ததும் முதல் பணம் யாருக்குப் போனது என்பதில் அந்த வித்தியாசம் தெரிந்தது. தானாகவே போன் செய்து, "மொத்தமா முடியாது, மாசாமாசம் இவ்வளவு போடறேன்" என்று சொல்லி அப்படியே போட்டு முடித்த கடைக்காரர்களும் உண்டு. அவர்களுக்கு இன்றும் கேட்காமலே புது டிசைனின் முதல் லாட் போகிறது. 2016 நவம்பர் 8இல் பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோதும் இப்படி ஒரு சோதனை வந்துபோனது.

திரும்பி வரும் சேலைதான் மற்றொரு உரைகல். ஊடை விட்டுப்போன கோடு, சாயம் இறங்குதல், இரண்டு பாவுக்கிடையே கலர் மாறுதல், அட்டை இடம் மாறி முந்தானையில் பிசகி விழுந்த பூ, இவையெல்லாம் எவ்வளவு கவனித்தாலும் நடக்கும். டேமேஜ் என்று கடைக்காரர் சொன்னவுடன் வாதாடாமல் எடுத்துக்கொண்டு, பிறகு ஊரில் ஆராய்வதே நல்ல வழி. குறை சாயப்பட்டறையுடையதா, தறியுடையதா, கடையில் வெயில்பட்டதா என்பது தெரியும். கடையின் குறை என்றாலும் ஒன்றிரண்டு சேலைக்காகச் சண்டை போடத் தேவையில்லை, சொல்லிக்காட்டாமல் தெரியப்படுத்தினால் போதும். செய்யக்கூடாத ஒன்று உண்டு: ஒரு கடை திருப்பிய சேலையை மறுபடி மடித்து இன்னொரு கடைப் பண்டலில் செருகுவது. கழிவுச் சரக்கு என்று சொல்லித் தனி விலைக்கு வாங்கிப்போகிறவர்கள் தனியே இருக்கிறார்கள். அந்தச் சேலை அங்கேதான் போக வேண்டும்.

இதோடு சேர்ந்ததே சரக்கின் பெயரில் உண்மை பேசுவது. பட்டின் தோற்றம் கொண்ட சேலையைப் பட்டு என்று விற்க ஆசை வரும். சுத்தப் பட்டுக்கு 2004 முதல் சில்க் மார்க் முத்திரையும், கைத்தறிக்கு 2006 முதல் கைத்தறி முத்திரையும் உண்டு. 1985ஆம் ஆண்டுச் சட்டம் சில வகைச் சேலைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியும் வைத்திருக்கிறது. விசைத்தறியில் நெய்த செயற்கைப் பட்டைச் செயற்கைப் பட்டு என்றே சொல்லி விற்கும் இளம்பிள்ளைக்காரருக்கு எந்தக் குறைவும் வந்ததில்லை, குறைந்த விலைக்கு நல்ல தோற்றம் என்பதே அதை வாங்குகிறவருக்கு வேண்டியது. பொய் சொல்லி விற்ற சேலை முதல் சலவையிலேயே கடைக்காரரைக் காட்டிக்கொடுக்கும், கடைக்காரர் இளம்பிள்ளை முழுவதையும் காட்டிக்கொடுப்பார். ஒருவர் செய்த பொய் அந்த ஊரின் எல்லாச் சேலையின் விலையையும் இறக்கும் என்பதால், இது தனிமனித ஒழுக்கத்தோடு நின்றுவிடும் விஷயம் அல்ல.

சட்டமும் வரியும் பழக்கத்தின் வடிவத்தை மாற்றியிருக்கின்றன. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தபோது பில் இல்லாமல் கைமாறிய சரக்கு குறையத் தொடங்கியது. 2018 ஏப்ரல் 1 முதல் 50,000 ரூபாய்க்கு மேல் வெளிமாநிலம் போகும் பண்டலுக்கு இ-வே பில் கட்டாயமானது. விற்றவர் மாதக் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி கிடைக்காது என்ற விதி 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்றைய தேதியில் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வியே "பதினோராம் தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டுடுவீங்களா?" என்பதுதான். அந்த நாளைத் தவறவிடாத ஆடிட்டர் அலுவலகமும் இப்போது சேலைக்காரரின் பழக்க வட்டத்துக்குள் வந்துவிட்டது.

பணம் வரும் நாளைப் பற்றிய சட்டம் இன்னும் நுட்பமானது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள், எழுத்தில் உடன்பாடு இல்லாவிட்டால் 15 நாளுக்குள், பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. சட்டம் இருந்தும் பல ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு சேர்ந்து 2024இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் சந்தை திடுக்கிட்டது. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்றது அந்தப் பிரிவு. 90 நாள் கணக்கில் ஓடிய துணிச் சந்தைகளில் எதிர்ப்பு எழுந்தது. பதிவு இல்லாத உற்பத்தியாளரைத் தேடி வாங்க முனைகிறார்கள் என்ற புகாரும் வந்தது. சிறு உற்பத்தியாளருக்கு ஆதரவான சட்டம் அவரிடமிருந்தே வியாபாரத்தை விலக்கிவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே. நல்ல பழக்கமுள்ள பார்ட்டிகளோடு முன்கூட்டியே உட்கார்ந்து, நாளைக் குறைத்துக்கொண்டு அதற்கு ஈடாக விலையில் சிறிது விட்டுக்கொடுப்பது நடைமுறைக்கு ஒத்த வழி. சட்டத்தைக் கையில் பிடித்துக் கடை வாசலில் நிற்பதைவிட அது பலன் தரும்.

இளம்பிள்ளை இன்று மொத்த வியாபார ஊர் மட்டுமல்ல. கல்யாணத்துக்குத் துணி எடுக்க வேன் பிடித்து மற்ற மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். யூடியூப் சேனல்காரர்கள் கேமராவோடு கடைக்குள் வந்து சேலையை விரித்து மொத்த விலையைச் சொல்கிறார்கள். வாட்ஸ்ஆப் வழியாக வீட்டிலிருந்தபடியே விற்கும் பெண்கள் தமிழ்நாடு முழுவதும், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும்கூட இருக்கிறார்கள். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படம் போட்டு, அக்கம்பக்கத்தில் ஆர்டர் பிடித்து, சேலைக்கு ஐம்பதோ நூறோ வைத்து விற்கும் இந்தப் பெண்கள்தான் இளம்பிள்ளைக்குப் புதிதாகக் கிடைத்த பெரும் பலம். கடை வாடகை இல்லை, ஆள் கூலி இல்லை, ஆனால் ஒவ்வொருவருக்கும் தன்னை நம்பும் முப்பது நாற்பது பேர் உண்டு. அவர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்வது எளிதல்ல. காலையில் ஸ்டாக் இருக்கிறது என்று சொல்லி மாலையில் இல்லை என்றால், அவர் தன் தெருவில் வார்த்தை இழக்கிறார். படத்தில் மாந்தளிராகத் தெரிந்த சேலை கையில் செங்கலாக வந்தால் திட்டு வாங்குவது அவர்தான். ஆகவே இயற்கை வெளிச்சத்தில் எடுத்த படம், அன்றாடம் திருத்திய ஸ்டாக் பட்டியல், பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருந்தால் மாற்றித்தரும் விதி ஆகிய மூன்றும் இருப்பவரிடமே அவர்கள் தங்குகிறார்கள். வாட்ஸ்ஆப்பில் ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் அனுப்புகிறவரின் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். எண்ணைப் பதிந்துகொள்ளும் அளவுக்கு யாரிடம் பெயர் எடுத்தோம் என்பது அங்கே தானாகவே தெரிந்துவிடும்.

இந்த நேரடி விற்பனை பழைய பார்ட்டிகளோடு உரசலையும் கொண்டுவந்தது. சிக்பேட்டைக் கடைக்காரர் தான் விற்கும் சேலையின் அடக்க விலையைத் தன் வாடிக்கையாளர் போனிலேயே பார்த்தால் அவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? சில உற்பத்தியாளர்கள் மொத்தக் கடைகளுக்கென்று தனி டிசைன்களை ஒதுக்கி, அவற்றை எந்த வீடியோவிலும் காட்டுவதில்லை. சிலர் புது டிசைனை முதல் இரண்டு மாதம் பழைய பார்ட்டிகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் பிறகு பொதுவில் விடுகிறார்கள். ஒற்றைச் சேலை வாங்குபவருக்கு மொத்த விலையைச் சொல்வதே இல்லை என்ற கட்டுப்பாட்டோடு இருப்பவர்களும் உண்டு. எல்லோருக்கும் எல்லா விலையும் என்று திறந்துவிட்டவர்கள் ஓரிரு பருவம் நிறைய விற்றார்கள். பிறகு மொத்தப் பார்ட்டிகள் ஒவ்வொருவராக விலகினார்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்களுக்கு நேர்ந்த இழப்பு பெரிது.

திருமணம், காதுகுத்து, கோவில் திருவிழா, துக்க வீடு என்று போய்வருவதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி. பார்ட்டியின் மகள் கல்யாணத்துக்குப் பெங்களூருக்கோ விஜயவாடாவுக்கோ போய் ஒரு பட்டு வேட்டி சேலை வைத்துவிட்டு வந்தவரை அந்தக் குடும்பம் நினைவில் வைத்திருக்கும். அவர்கள் இந்தப் பக்கம் வந்தால் சித்தர் கோவிலுக்கோ தாரமங்கலம் கைலாசநாதர் கோவிலுக்கோ அழைத்துப் போவதும், ஆட்டையாம்பட்டி முறுக்கு வாங்கிக் கட்டிக்கொடுப்பதும் இங்கே வழக்கம். பதிலுக்குப் பதில் வியாபாரம் தேடித் தரும் சங்கங்களிலும், ரோட்டரி போன்ற அமைப்புகளிலும் சேருவோர் சேலத்தில் பெருகியிருக்கிறார்கள். 1905இல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரியே ஆரம்பத்தில் தொழில்காரர்கள் பழகி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் வட்டமாகத்தான் இருந்தது. அங்கே கிடைக்கும் பழக்கம் வங்கி மேலாளர், ஆடிட்டர், இயந்திர வியாபாரி ஆகியோரிடம் பயன்படும். சேலை வாங்கும் பார்ட்டி அங்கே கிடைப்பது குறைவு.

தலைமுறை மாறும் இடத்தில்தான் பழக்கம் அதிகம் அறுந்துபோகிறது. தந்தையின் பெயருக்கு வந்த ஆர்டர் மகனுக்கு வரும் என்பது நிச்சயமில்லை. அதனால் விவரமறிந்தவர்கள் மகனையோ மகளையோ கல்லூரி விடுமுறையிலேயே சாம்பிள் பையைத் தூக்க வைத்து உடன் அழைத்துப் போகிறார்கள். வசூலுக்கும் கூட்டிப்போகிறார்கள், ஏனென்றால் பணம் கேட்கும்போது எப்படி உட்கார வேண்டும், எப்போது எழுந்து வர வேண்டும் என்பது பார்த்துத்தான் வரும். தொழில் கைமாறும்போது பழைய போன் எண்ணை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். தலைவர் திடீரென்று தவறிவிட்டால், காரியம் முடிந்த வாரத்திலேயே ஒவ்வொரு பார்ட்டிக்கும், நூல் கடைக்கும், சாயப்பட்டறைக்கும், நெசவாளருக்கும் வாரிசு தானே போன் செய்து, வர வேண்டிய பாக்கி இவ்வளவு, தர வேண்டியது இவ்வளவு என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். தர வேண்டியதை முதலில் சொன்னால், வர வேண்டியதைப் பற்றித் தகராறு எழுவது குறையும். கணக்கு தந்தையின் நினைவில் மட்டும் இருந்த வீடுகளில் இதைச் செய்ய முடியாமல் போய், நல்ல பார்ட்டிகளும் கைவிட்டுப் போயிருக்கின்றன. இப்போது பெரும்பாலான பட்டறைகளில் பில்களும் நாள் கணக்கும் கம்ப்யூட்டரில் ஏறுகின்றன. அதோடு ஒவ்வொரு பார்ட்டியின் பெயருக்கு எதிரே, அவர் எந்தக் கலர் எடுப்பார், எந்த மாதம் தவணை தள்ளுவார், கடையில் யாரிடம் பேச வேண்டும் என்ற குறிப்பையும் எழுதி வைக்கிறவர்கள் அடுத்த தலைமுறைக்குத் தொழிலை முழுமையாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.